கடிகாரம் மாறிடுச்சு, குழந்தை மாறலையே! ஒரு மணி நேரத் தூக்கச் சிக்கலை எப்படிச் சமாளிப்பது?

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு. லண்டனில் ஒரு தமிழ்க் குடும்பம். இரவு 7.30 ஆகிவிட்டது. குளியல் முடிந்தது, சாப்பாடு முடிந்தது, கதைப் புத்தகம்கூட இரண்டு முறை படித்தாச்சு. மூன்று வயதுக் குழந்தை மட்டும் கட்டிலில் குதித்துக்கொண்டே இருக்கிறது. "மணி ஏழரை ஆச்சும்மா, கண்ணை மூடு" என்கிறார் அம்மா. ஜன்னலைக் காட்டிக் குழந்தை திருப்பிக் கேட்கிறது: "இன்னும் வெளிச்சமா இருக்கே?"

குழந்தை சொல்வதில் தப்பே இல்லை. நேற்று இதே அளவு வெளிச்சம் இருந்தபோது மணி ஆறரைதான். அன்று அதிகாலை, எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துவிட்டது. செல்போன் தானாக மாறிக்கொண்டது. பெரியவர்கள் ஒரு கப் காபி கூடுதலாகக் குடித்துச் சமாளித்துக்கொள்கிறார்கள். குழந்தையின் உடம்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

வெளிநாட்டில் குழந்தை வளர்க்கும் பெற்றோர் ஆண்டுக்கு இரண்டு முறை சந்திக்கும் தலைவலி இது. சென்னையில் அமெரிக்க, பிரிட்டன் நேரத்துக்கு வேலை பார்க்கும் பெற்றோரையும் இது விட்டுவைப்பதில்லை.

எங்கே, எப்போது மாறுகிறது?

அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் மார்ச் இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். நவம்பர் முதல் ஞாயிறு பழைய நேரத்துக்குத் திரும்பும். அமெரிக்காவில் 2007 முதல் இந்தத் தேதிகள்தான் நடைமுறையில் உள்ளன. ஹவாயும் அரிசோனாவின் பெரும்பகுதியும் இந்த ஆட்டத்தில் இல்லை.

பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் மார்ச் கடைசி ஞாயிறு முன்னே, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே. ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ் என்பதால் சிட்னி, மெல்பர்ன் நகரங்களில் அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே. பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மாற்றமே கிடையாது.

இதன் பெயர் டேலைட் சேவிங் டைம். 1916ல், முதல் உலகப் போரின்போது எரிபொருளை மிச்சப்படுத்த ஜெர்மனி இதை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. சில வாரங்களிலேயே பிரிட்டனும் பின்பற்றியது. இலங்கைத் தமிழர்களுக்கும் இதே போன்ற அனுபவம் உண்டு. மின் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996ல் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதே ஆண்டில் அரை மணி நேரம் பின்னே வந்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் முழுசாகத் திரும்பியது.

சென்னையில் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. அதனால்தான் இந்தியாவில் தேவைப்படாத ஏற்பாடு அங்கே பழக்கமாகிவிட்டது.

ஒரு மணி நேரம்தானே, ஏன் இவ்வளவு பாடு?

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட ஏறும் களைப்பு. இன்னொன்று, மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம். கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் இந்தக் கடிகாரம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இருட்டத் தொடங்கியதும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து, "படுக்கப் போகலாம்" என்று உடம்புக்குத் தகவல் சொல்கிறது.

சின்னக் குழந்தைகள் வெளிச்சத்துக்கு ரொம்பவே மசிந்துவிடுவார்கள். அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயது வரையுள்ள 10 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2018ல் வெளியானது. படுக்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் இருந்தபோது, அவர்களுக்கு மெலடோனின் சுரப்பு கிட்டத்தட்ட 88 சதவீதம் குறைந்துபோனது. விளக்கை அணைத்த பிறகும் உடனே பழைய நிலைக்கு வரவில்லை. ஆய்வு சிறியது. ஆனாலும் வெளிச்சத்தோடு படுக்க வைத்தால் குழந்தை ஏன் முழித்துக்கொண்டே கிடக்கிறது என்பதற்கு இது நல்ல விளக்கம்.

பெரியவர்களுக்குத் தூக்கம் கெட்டால் கொட்டாவி வரும். குழந்தைக்குத் தூக்கம் கெட்டால் அடம் வரும். ஷூ மாட்ட மறுக்கும், தட்டைத் தள்ளும், சின்ன விஷயத்துக்கெல்லாம் அழும். "சேட்டை கூடிப்போச்சு" என்று திட்டும் முன் நாள்காட்டியைப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில நாட்களில், அதிகபட்சம் ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

எவ்வளவு தூக்கம் தேவை என்பதற்கு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை இது: 4 முதல் 12 மாதம் வரை 12 - 16 மணி நேரம், 1 - 2 வயதில் 11 - 14 மணி நேரம், 3 - 5 வயதில் 10 - 13 மணி நேரம். பகல் தூக்கமும் இந்தக் கணக்கில் அடக்கம்.

மார்ச்: தூங்க வைப்பதுதான் கஷ்டம்

கடிகாரம் முன்னே போகும்போது குழந்தை ஒரு மணி நேரம் சீக்கிரமாகத் தூங்க வேண்டும், சீக்கிரமாக எழ வேண்டும். ஒரே நாளில் ஒரு மணி நேரத்தை நகர்த்துவதைவிட, நான்கு நாட்களில் 15 நிமிடமாக நகர்த்துவது எளிது.

இரவு 7.30க்குத் தூங்கும் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு மாற்றம் என்றால் புதன் 7.15, வியாழன் 7.00, வெள்ளி 6.45, சனி 6.30. ஞாயிறு அன்று புதிய கடிகாரம் 7.30 காட்டும்போது குழந்தையின் உடம்புக்கு அது பழைய 6.30. சனிக்கிழமையே அந்த நேரத்துக்கு அது பழகியிருக்கும்.

படுக்கும் நேரத்தை மட்டும் நகர்த்தினால் போதாது. காலையில் எழுப்புவது, சாப்பாடு, பகல் தூக்கம், குளியல் எல்லாமே அந்த 15 நிமிடம் நகர வேண்டும். பசியும் உடம்புக்கு ஒரு கடிகாரம்தான்.

அடுத்தது வெளிச்சம். காலையில் எழுந்ததும் திரையை விலக்கிவிட்டு, முடிந்தால் பத்து, பதினைந்து நிமிடம் வெளியே நடக்க வைப்பது நல்ல பலன் தரும். காலை வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னே தள்ளும். மாலையில் இதற்கு நேர்மாறு. படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே விளக்கைக் குறைத்து, டிவி, டேப்லெட், செல்போனை ஓரங்கட்டிவிட வேண்டும். ஜூன் மாதம் லண்டனில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகிவிடும். வெளிச்சத்தைத் தடுக்கும் கனமான திரைச்சீலை அங்கே ஆடம்பரச் செலவு கிடையாது. திரையின் கயிறு மட்டும் தொட்டிலுக்கும் குழந்தையின் கைக்கும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. தினமும் 5.30க்கே எழுந்து வீட்டையே எழுப்பும் குழந்தை, மார்ச் மாற்றத்துக்குப் பிறகு எதுவும் செய்யாமலேயே 6.30க்கு எழும். அந்த வீட்டில் குழந்தையின் நேரத்தை முன்கூட்டியே நகர்த்த வேண்டியதில்லை. படுக்கும் நேரத்தையும் 8.30 என்று ஏற்றுக்கொண்டு அப்படியே விட்டுவிடலாம்.

அக்டோபர், நவம்பர்: விடியும் முன்பே எழும் குழந்தை

"ஒரு மணி நேரம் கூடுதலாத் தூங்கலாம்" என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நேற்று வரை 6 மணிக்கு எழுந்த குழந்தை இனி 5 மணிக்கே "எந்திரி" என்று வந்து நிற்கும்.

இங்கே கணக்கு எதிர்த்திசையில். புதன் 7.45, வியாழன் 8.00, வெள்ளி 8.15, சனி 8.30. ஞாயிறு புதிய 7.30. வெளிச்சமும் எதிர்த்திசைதான். பிற்பகலில் வெளியே விளையாட விடுவது, அதிகாலையில் அறையை இருட்டாக வைத்திருப்பது.

5 மணிக்கு எழுந்துவிட்டால் என்ன செய்வது? பல வீடுகளில் நடக்கும் தவறு இங்கேதான். பக்கத்து அறையில் விளக்கைப் போட்டு, டிவியில் கார்ட்டூன் வைத்து, கையில் பிஸ்கட்டும் கொடுத்தால் 5 மணிக்கு எழுவது குழந்தைக்கு லாபம். நாளைக்கும் எழும். அதற்குப் பதில் அறையிலேயே இருட்டில், அதிகம் பேசாமல், "இன்னும் ராத்திரிதான், படுத்துக்கோ" என்று தட்டிக்கொடுப்பதே போதும். தூங்காவிட்டாலும் பரவாயில்லை, படுத்திருந்தால் சரி. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நிறம் மாறும் கடிகார விளக்கு சில வீடுகளில் கைகொடுக்கிறது. பச்சை எரிந்தால் எழலாம் என்பது எண் தெரியாத குழந்தைக்கும் புரியும்.

பகல் தூக்கத்தை வெட்டினால் ராத்திரி நன்றாகத் தூங்கும் என்ற நம்பிக்கையும் பல வீடுகளில் உண்டு. சின்னக் குழந்தைகளிடம் இது பெரும்பாலும் எடுபடாது. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை இன்னும் அதிகமாக அழும், நடுராத்திரியில் எழும். பகல் தூக்கத்தை விட்டுவிட்டு, அதன் நேரத்தை மட்டும் மெல்ல நகர்த்துவதே சரி.

தீபாவளியும் ஏறக்குறைய இதே சமயத்தில் வரும். அமெரிக்காவில் அக்டோபர் 31 ஹாலோவீன் இனிப்பு வேட்டை, அடுத்த ஞாயிறு கடிகார மாற்றம். கொண்டாட்டத்தை விட வேண்டாம். ஒரு நாள் தாமதமாகத் தூங்கினால் அடுத்த நாளே வழக்கமான நேரத்துக்குத் திரும்பினால் போதும்.

முன்கூட்டித் தயாராகலையா?

ஞாயிறு காலை எழுந்த பிறகுதான் நிறைய பேருக்கு நினைவே வரும். பதற வேண்டியதில்லை. முதல் மூன்று நாட்கள் புதிய நேரத்துக்கும் பழைய நேரத்துக்கும் நடுவில், அதாவது அரை மணி நேரம் மட்டும் நகர்த்தலாம். நான்காம் நாள் முழுசாகப் புதிய நேரத்துக்கு வந்துவிடலாம்.

வரிசை மட்டும் மாறக் கூடாது. குளியல், பால், பல் துலக்கல், கதை, தாலாட்டு என்று தினமும் என்ன வரிசையோ, அதே வரிசை. குழந்தைக்கு மணி தெரியாது. ஆனால் கதைக்கு அடுத்து விளக்கு அணையும் என்று தெரியும்.

கைக்குழந்தைக்கு என்ன செய்வது?

பிறந்த முதல் இரண்டு, மூன்று மாதங்களில் குழந்தைக்கு இரவு பகல் வித்தியாசமே சரியாகப் பிடிபட்டிருக்காது. அந்த வயதில் கடிகார மாற்றத்துக்காகத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பசித்தால் பால், தூக்கம் வந்தால் தூக்கம். புதிய நேரம் வந்துவிட்டதே என்று பாலைத் தள்ளிப்போடக் கூடாது.

வலிப்பு, சர்க்கரை நோய் போன்றவற்றுக்கு நேரம் பார்த்து மருந்து எடுக்கும் குழந்தைகளின் விஷயம் வேறு. எந்த நேரத்துக்குக் கொடுப்பது என்பதை மாற்றத்துக்கு முந்தைய வாரமே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

மெலடோனின் கம்மி கொடுக்கலாமா?

அமெரிக்கக் கடைகளில் மிட்டாய் போலவே மெலடோனின் கம்மி பாட்டில் கிடைக்கும். அங்கே அது உணவுத் துணைப் பொருளாகவே விற்கப்படுகிறது. பிரிட்டனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. ஒரே பொருள்தான், நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஒரு வாரத்தில் தானாகச் சரியாகும் விஷயத்துக்கு ஹார்மோன் மாத்திரை தேவையா என்ற கேள்வியைக் குழந்தை மருத்துவரிடம் கேட்காமல் பாட்டிலைத் திறக்கக் கூடாது. மிட்டாய் ருசியில் இருப்பதால் குழந்தை கைக்கு எட்டாமல் வைப்பதும் முக்கியம்.

இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் சரியாகவில்லை, பலமாகக் குறட்டை விடுகிறது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் அதற்குக் காரணம் கடிகாரமாக இருக்காது. மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

ஆறு மணி வீடியோ கால்

கோயம்புத்தூரில் இருக்கும் தாத்தா, பாட்டி காலை 6 மணிக்குக் காபியோடு உட்கார்ந்து நியூஜெர்சி பேத்திக்கு வீடியோ கால் போடுவார்கள். குளிர்காலத்தில் அங்கே அப்போது இரவு 7.30. கதை கேட்கும் நேரம், சரியாகப் பொருந்தும். மார்ச் மாற்றத்துக்குப் பிறகு அதே 6 மணி கால் அங்கே 8.30க்குப் போய் விழும். கண் சொக்கும் நேரத்தில் "பாட்டி!" என்ற சத்தம் கேட்டால் எந்தக் குழந்தைதான் தூங்கும்?

"கால் பண்ணாதீங்க" என்று சொல்லி யாரையும் நோகடிக்க வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் மாலை 5.30 ஆகும்போது அங்கே காலை 8 மணி. இட்லி ஊட்டும்போது பேசினால் பாட்டிக்கும் சந்தோஷம், குழந்தை சாப்பிட்டும் முடிக்கும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்த மாற்றம் நினைவிருக்க வாய்ப்பில்லை. ஒரு வாட்ஸ்அப் செய்தியில் சொல்லிவிட்டால் போதும்.

சென்னையில் கடிகாரம் மாறாது, வீடு மாறும்

நியூயார்க் நேரம் காலை 9 மணிக்கு நடக்கும் மீட்டிங், கோடைக்காலத்தில் சென்னையில் மாலை 6.30. நவம்பரில் அதுவே 7.30 ஆகிவிடும். ஒரு மணி நேர மீட்டிங் முடியும்போது 8.30. வீட்டில் இருக்கும் இரண்டு வயதுக் குழந்தையின் சாப்பாடு, குளியல், கதை எல்லாம் அந்த நேரத்துக்குள்தான். அலுவலகத்தில் இருந்து கிளம்பி ஓஎம்ஆர் டிராஃபிக்கைத் தாண்டி வருபவர் என்றால் இன்னும் தாமதம். "அப்பா வரட்டும்" என்று முழித்திருக்கும் குழந்தை, காலையில் ப்ளே ஸ்கூல் வேனுக்கு எழ முடியாமல் அழும்.

இங்கே குழந்தையின் உடல் கடிகாரம் சரியாகவே ஓடுகிறது. தூக்கத்தைத் தள்ளிப்போடுவது வீட்டின் அட்டவணை. குளிர்கால மாதங்களில் தாமதமாக வரும் பெற்றோர், இரவு நேரத்தை விட்டுவிட்டு, காலை அரை மணி நேரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது ஒரு வழி. குளிப்பாட்டுவது, வேனில் ஏற்றிவிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அப்பாவுக்காகவோ அம்மாவுக்காகவோ காத்திருந்து தூங்கும் பழக்கம் வராமல் பார்த்துக்கொண்டால், மார்ச்சில் நேரம் திரும்பும்போது சிரமம் இருக்காது.

யார் மாற வேண்டும்?

தூங்காத குழந்தையைப் பார்த்துப் பெற்றோர் தங்களையே குறை சொல்லிக்கொள்வது வழக்கம். ஆனால் இந்தச் சிக்கலை உருவாக்கியது சட்டம்.

அதை மாற்றும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. கடிகார மாற்றத்தைக் கைவிட ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் வாக்களித்தது. உறுப்பு நாடுகள் உடன்பாட்டுக்கு வராததால் அது அப்படியே நிற்கிறது. கோடை நேரத்தையே நிரந்தரமாக்கும் மசோதாவை அமெரிக்க செனட் 2022 மார்ச்சில் நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளாததால் சட்டமாகவில்லை.

கோடை நேரத்தை நிரந்தரமாக்குவது குழந்தைகளுக்கு நல்லதா என்பதே கேள்விதான். அமெரிக்கா 1974 ஜனவரியில் அதைச் செய்து பார்த்தது. குளிர்காலக் கும்மிருட்டில் பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டியிருந்ததால் எதிர்ப்பு கிளம்பி, அதே ஆண்டு அக்டோபரிலேயே திட்டம் கைவிடப்பட்டது. 2011ல் இதைச் செய்த ரஷ்யாவும் 2014ல் குளிர்கால நேரத்துக்கு மாறிக்கொண்டது. சூரியனோடு ஒத்துப்போகும் வழக்கமான நேரத்தையே நிரந்தரமாக்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2020ல் அறிவித்தது. காலையில் வெளிச்சம், மாலையில் இருட்டு என்பதே குழந்தையின் உடம்பு கேட்பது. அதைப் பார்த்தால் அகாடமி சொல்வதே நியாயம்.

சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லாத விஷயங்களும் இருக்கின்றன. மார்ச் மாற்றத்துக்கு அடுத்த வாரம், நர்சரியும் டே கேரும் காலை வருகையில் அரை மணி நேரம் விட்டுக்கொடுக்கலாம். பகல் தூக்க நேரத்தை மெல்ல நகர்த்தலாம். அலுவலகங்கள் அந்தத் திங்கள்கிழமை காலையில் முக்கிய மீட்டிங் வைக்காமல் இருக்கலாம். இதில் பெரியவர்களின் பாதுகாப்பும் இருக்கிறது. மார்ச் மாற்றத்துக்குப் பிந்தைய வேலை வாரத்தில் அமெரிக்காவில் உயிரிழப்பு விபத்துகள் சுமார் 6 சதவீதம் கூடுவதாக, 1996 முதல் 2017 வரையிலான விபத்துகளை அலசிய கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு 2020ல் சொன்னது. தூங்காத குழந்தையை வைத்திருந்த பெற்றோரும் அந்தச் சாலையில்தான் வண்டி ஓட்டுகிறார்கள்.

அதுவரை அந்த ஒரு வாரம் வீட்டில் கொஞ்சம் பொறுமை வேண்டும். "இன்னும் வெளிச்சமா இருக்கே?" என்று குழந்தை கேட்டால், "ஆமா கண்ணு, இருக்கு" என்று ஒப்புக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு, கதையை இன்னொரு முறை படிக்கலாம்.